காலம் கனியவைக்கும் ஹவானாச் சுருட்டு

நாட்பட்ட பொருளுக்குத் தமிழர் இல்லங்களில் என்றும் தனி மதிப்பு உண்டு. புது அரிசி குழைந்துவிடும். பழவரிசியே பதமான சோற்றுக்கு உகந்தது என்பர் நம் பாட்டிமார். வைத்தியர் மருந்துக்குப் பழம்புளி கொண்டுவரச் சொல்வார். சாடியில் ஓராண்டு கிடந்த ஊறுகாய்க்குள்ள சுவை நேற்றுப் போட்ட ஊறுகாய்க்கு இல்லை. காலத்தையும் ஒரு சரக்காகச் சேர்த்துப் பக்குவம் செய்யும் வழக்கம் எல்லா நாடுகளிலும் இருக்கிறது. பிரான்சு நாட்டார் திராட்சை மதுவை நிலவறைகளிற் கிடத்தி வைக்கின்றனர். சீன தேசத்தார் ஒருவகைத் தேயிலையை வில்லைகளாக அழுத்தி ஆண்டுக்கணக்கில் பாதுகாக்கின்றனர். கியூபா நாட்டின் சுருட்டும் இவ்வரிசையிற் சேர்ந்தது.

ஹவானாச் சுருட்டு என்று உலகெங்கும் பெயர்பெற்ற அச்சுருட்டை, வாங்கியவுடன் புகைக்காமல் ஐந்தாண்டு, பத்தாண்டு, சிலவேளை இருபது ஆண்டுகள் பேழையில் பூட்டி வைப்போர் உளர். அவ்வாறு வைப்பதனால் அதற்கு உண்மையிலேயே சுவை கூடுகிறதா? கூடுமெனில் அது எவ்வாறு நிகழ்கிறது? அந்த வளர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டா? இவ்வினாக்கள் புகைப்போருக்கு மாத்திரம் உரியவை அல்ல. இரசாயனம் பயிலும் மாணவரும், உழைப்பின் அருமை அறிந்த கமக்காரரும் இவற்றிலிருந்து கற்றுக்கொள்ளத்தக்கவை பல இருக்கின்றன.

கொலம்பஸ் கண்ட புகை

மேற்கிந்தியத் தீவுகளுள் மிகப் பெரியது கியூபா. 1492ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அங்கே கரையேறிய கொலம்பஸ், உள்நாட்டைப் பார்த்து வரும்படி இருவரை அனுப்பினார். ரொட்ரிகோ டி ஹெரஸ், லூயிஸ் டி டொரெஸ் என்ற அவ்விருவரும் கொண்டுவந்த செய்திகளுள் ஒன்று ஐரோப்பியருக்குப் பெரும் புதுமையாக இருந்தது. அந்நாட்டு மக்கள் உலர்ந்த இலையைச் சுருட்டி, ஒரு முனையிற் கொள்ளி வைத்து, மறுமுனையால் புகையை உள்ளே இழுக்கிறார்கள் என்பதே அச்செய்தி.

பின்னர் புகையிலை உலகெங்கும் பரவிற்று. நமது யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலும் அது வேரூன்றியது. ஆங்கிலத்தில் ஒருவகைச் சுருட்டைக் குறிக்கும் ‘செரூட்’ என்னும் சொல், நமது ‘சுருட்டு’ என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபேயாகும். ஆயினும் யாழ்ப்பாணத்து முறைக்கும் கியூபா முறைக்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. நம்மவர் தேங்காய்ப் பொச்சு முதலியவற்றை எரித்து இலைக்குப் புகையூட்டுவர். கியூபா நாட்டாரோ நெருப்பின் உதவியை நாடுவதில்லை. காற்றையும் காலத்தையும் நம்பியே இலையைப் பதப்படுத்துகின்றனர்.

இலை பதமாகும் விதம்

கியூபாவின் மேற்குக் கோடியிலே பினார் டெல் ரியோ என்ற மாகாணம் உள்ளது. அதில் வுவெல்ட்டா அபாஹோ எனப்படும் பகுதியின் செந்நிற மணற்பாங்கான நிலமே மிகச் சிறந்த புகையிலைக்குத் தாயகம். சான் ஹுவான் இ மார்ட்டினெஸ், சான் லூயிஸ் என்னும் இரண்டு சிற்றூர்களின் பெயர்கள் சுருட்டுப் பிரியரிடையே திருத்தலங்களின் பெயர்கள்போல வழங்குகின்றன.

மழை ஓய்ந்த பின்னர் நாற்று நடப்படும். தையும் மாசியும் அங்கே அறுவடைக் காலம். செடியை வேரோடு பிடுங்குவதில்லை. அடியிலிருந்து மேல்நோக்கி, ஒரு தடவைக்கு இரண்டு மூன்று இலைகளாக, நாட்கள் இடைவிட்டுக் கையாலேயே ஒடிக்கின்றனர். செடியில் இலை இருந்த இடமே அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது. அடியிலைகள் மென்மையானவை, நன்றாக எரிபவை. அவற்றுக்கு ‘வொலாடோ’ என்று பெயர். நடுவிலைகளாகிய ‘செக்கோ’ நறுமணம் தருபவை. உச்சியிலே வெயிலை நிரம்பக் குடித்துத் தடித்து எண்ணெய்ப் பசையேறி நிற்கும் ‘லிஹேரோ’ இலைகளே காரமும் வீரியமும் உடையவை. சுருட்டின் மேற்புறத்தைப் போர்த்தும் இலைக்குரிய செடிகளை மாத்திரம் மெல்லிய துணிப்பந்தலின் கீழே நிழலில் வளர்க்கின்றனர். அந்த இலை பட்டுப்போல மெல்லியதாயும் வடுவற்றதாயும் இருத்தல் வேண்டும்.

ஒடித்த இலைகளை உயர்ந்த கூரையுள்ள குடில்களிலே கோல்களிற் கட்டித் தொங்கவிடுவர். அக்குடில்கள் கிழக்கு மேற்காக நீண்டிருக்கும். காலையிலும் மாலையிலும் ஞாயிற்றின் ஒளி அவற்றின் இரு முனைகளில் மாத்திரம் படவேண்டும் என்பதே நோக்கம். ஏறத்தாழ ஐம்பது நாட்களில் இலையின் பச்சையம் சிதைந்து, நிறம் முதலில் மஞ்சளாகவும் பின்னர் கபிலமாகவும் மாறும். இலையிலுள்ள மாப்பொருள் சர்க்கரையாக மாறுவதும் இந்தக் கட்டத்திலேதான்.

இதன் பின்னரே முக்கியமான வேலை தொடங்குகிறது. இலைகளைச் சிறிதளவு ஈரத்தோடு பெருங்குவியல்களாக அடுக்கி மூடி வைக்கின்றனர். ஈர வைக்கோலைக் குவித்து வைத்தால் உள்ளே வெப்பம் பிறப்பதை நம் கமக்காரர் அறிவர். அதே போன்று இக்குவியலும் தானாகவே சூடேறும். இந்நொதிப்பிலே இலையின் புரதப் பொருள்கள் சிதைந்து அமோனியா வாயுவாக வெளியேறுகின்றன. நிக்கொட்டினின் ஒரு பகுதியும் குறைகிறது. கசப்பும் உறைப்பும் தணிகின்றன. வெப்பம் அளவு கடந்தால் இலை கருகிச் சாரமிழந்துவிடும். ஆகவே, காவலர் வெப்பமானியை உள்ளே செலுத்திப் பார்த்தபடியே இருப்பர். வெப்பம் மிகுந்தால் குவியலைக் கலைத்து, ஆறவிட்டு, மேலிருந்ததைக் கீழாக்கி மீண்டும் அடுக்குவர். இலையின் இனத்துக்கேற்ப இது ஒரு முறையோடு நிற்பதில்லை. கொஹீபா என்ற புகழ்பெற்ற சுருட்டின் உள்ளிலைகள் சில மூன்றாம் முறையும் பீப்பாய்களிலே நொதிக்க விடப்படுகின்றன.

அதன்பின் இலை பொதிகளாகக் கட்டப்பட்டுக் களஞ்சியத்திலே உறங்குகிறது. மென்மையான இலைக்குச் சில மாதங்களே போதும். நறுமண இலைக்கு ஓராண்டு வேண்டும். உச்சியிலையாகிய லிஹேரோவுக்கோ குறைந்தது இரண்டாண்டுகள் தேவை. எனவே, புத்தம் புதிய சுருட்டு என்று கடையிலே நாம் காண்பதும் உண்மையில் ஈராண்டு மூவாண்டு முதுமை பெற்ற இலைதான். ‘ரிசர்வா’ எனப்படும் சிறப்புவகைக்கு மூன்றாண்டும், ‘கிரான் ரிசர்வா’வுக்கு ஐந்தாண்டும் முதிர்ந்த இலைகளையே எடுக்கின்றனர்.

கேட்டுக்கொண்டே சுருட்டுவோர்

பக்குவமான இலைகள் ஹவானா நகரத்துத் தொழிற்சாலைகளை அடைகின்றன. அங்கே சுருட்டுவோர் வளைந்த தகட்டுக் கத்தி ஒன்றையும் தம் விரல்களையும் மாத்திரம் துணைக்கொண்டு, உள்ளிலைகளைச் சேர்த்து, கட்டிலையாற் சுற்றி, மேலிலையாற் போர்த்துச் சுருட்டை உருவாக்குகின்றனர். கை தேர்ந்த ஒருவர் நடுத்தர அளவுச் சுருட்டானால் நாளொன்றுக்கு நூறு வரை செய்வார். உள்ளிலைகளை நெருக்கிவிட்டால் புகை வராது. தளர விட்டால் சுருட்டு விரைந்தெரிந்து வாயைச் சுடும். அளவைச் சொல்வது விரல் நுனியின் அறிவொன்றே.

இவர்கள் வேலை செய்கையில் ஒருவர் உயர்ந்த மேடையில் அமர்ந்து பத்திரிகைகளையும் நாவல்களையும் உரத்து வாசிப்பார். 1865ஆம் ஆண்டில் ஹவானாவின் எல் பிகாரோ தொழிற்சாலையில் தொடங்கிய வழக்கம் இது. அக்காலத்தில் அந்த வாசகருக்குரிய ஊதியத்தைத் தொழிலாளரே தம் கூலியிலிருந்து கொடுத்து வந்தனர். அலெக்சாந்தர் டூமாவின் நாவலிலே அத்தொழிலாளர் கொண்ட விருப்பத்தினாலேயே 1935இல் தோன்றிய ஒரு சுருட்டுக்கு ‘மொன்ற்கிறிஸ்ரோ’ என்ற பெயர் அமைந்தது என்பர். எழுதப் படிக்கத் தெரியாத பலர் உலக இலக்கியத்தைச் செவிவழியே கற்றுத் தேர்ந்த இடம் சுருட்டுச்சாலை என்பது மாணவர் நினைவிற்கொள்ளத்தக்க செய்தி.

சுருட்டுக்கும் ஒரு நோய்க்காலம்

சுருட்டுவதற்கு முன்னர் இலையை வளைக்கும் பொருட்டு ஈரமூட்டுவர். அந்த ஈரத்தினால் உறங்கிய நொதிப்பு மறுபடியும் சிறிது விழித்துக்கொள்கிறது. தொழிற்சாலையிலே தேவதாரு அறைகளிற் சில வாரம் வைத்து ஆற்றிய பின்னரும் அது முற்றாக அடங்குவதில்லை. சுருட்டு பிறந்த சில மாதங்களில் அதனை முகர்ந்தால் அமோனியாவின் நெடி மூக்கைத் துளைக்கும். புகைத்தால் நாவிற் கசப்பும் தொண்டையில் எரிச்சலும் உண்டாகும். ஆங்கிலேயச் சுருட்டு வணிகர் இதனைச் சுருட்டின் ‘நோய்க்காலம்’ என்று பொருத்தமாகவே பெயரிட்டு வழங்கினர்.

ஹொங்கொங் நகரத்து மின் ரோன் நீ என்பவர், கியூபாப் புரட்சிக்குப் பிற்பட்ட சுருட்டுக்களைப் பற்றி 2003ஆம் ஆண்டில் விரிவான படக் களஞ்சியம் ஒன்றை வெளியிட்டார். அவர் சுருட்டின் வாழ்வை நான்கு பருவங்களாகப் பகுக்கிறார். முதலாவது நோய்க்காலம். அமோனியாவிற் பெரும்பகுதி சில மாதங்களிலேயே அகன்றாலும், முழுமையாகத் தெளிய ஓராண்டு ஈராண்டு ஆகும். அதற்கடுத்து முதல் முதிர்ச்சி, இரண்டாம் முதிர்ச்சி, மூன்றாம் முதிர்ச்சி எனப் படிகள் தொடர்கின்றன.

முதல் முதிர்ச்சியில் முரட்டுத்தனம் நீங்கி, இலையின் இயற்கைச் சுவை துலங்கும். வறுத்த கோப்பி, கொக்கோ, மிளகு, நல்ல மரம் ஆகியவற்றை நினைவூட்டும் சுவைகள் தனித்தனியே தெரியவரும். இரண்டாம் முதிர்ச்சியில், தேயிலைச் சாயத்திலும் திராட்சை மதுவிலும் துவர்ப்பைத் தருகின்ற இனத்தைச் சேர்ந்த பொருள்கள் மெல்ல மெல்லச் சிதைகின்றன. அதனால் புகை வழுவழுப்பாகி, இனிமை மேலெழும். மூன்றாம் முதிர்ச்சிக்கு இருபது ஆண்டுகளும் அதற்கு மேலும் செல்லும். அப்பொழுது காரம் ஏறத்தாழ மறைந்து, உலர்ந்த பழத்தையும் தேனையும் பழைய ஏட்டுப் பெட்டியையும் நினைவூட்டும் ஒரு மெல்லிய நறுமணமே எஞ்சும் என்பர் அதனைச் சுவைத்தோர்.

இதற்கு மந்திரம் எதுவும் இல்லை. இலைக்குள் நுழையும் பிராணவாயு மிக மெதுவாகச் செய்யும் இரசாயன மாற்றமே காரணம். எளிதில் ஆவியாகும் பொருள்கள் வெளியேறுகின்றன. பெரிய மூலக்கூறுகள் சில சிறியனவாக உடைந்து புதிய மணங்களைப் பிறப்பிக்கின்றன. வெவ்வேறு தோட்டத்து இலைகளின் மணங்கள் ஒன்றோடொன்று கலந்து ஒருமைப்படுகின்றன. புதுமணத் தம்பதியர் இருவர் ஆண்டுகள் சென்றபின் ஒருவர் குணத்தை ஒருவர் வாங்கிக்கொள்வது போன்றதே இது.

பேழையின் காவல்

இந்த மாற்றம் நன்மையாக முடிவதும் தீமையாக முடிவதும் பாதுகாப்பைப் பொறுத்தவை. நூற்றுக்கு 65 முதல் 70 வீதம் வரையான ஈரப்பதனும், 16 முதல் 18 பாகை வரையான சென்டிகிரேட் வெப்பமும் தகுந்தவை எனக் கியூபா வல்லுநர் விதித்துள்ளனர். ஈரம் குறைந்தால் இலையின் எண்ணெய்ப் பசை வற்றிவிடும். பின்னர் எவ்வளவு ஈரமூட்டினும் போன மணம் திரும்பாது. ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும். நமது கொழும்பு போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த நகரத்திலே காவலின்றி வைத்த சுருட்டுப் பெட்டி சில வாரங்களிலேயே கெட்டுவிடும்.

வெப்பம் மிகுந்தால் இன்னொரு பகைவனும் தலைகாட்டுவான். இலையில் மறைந்திருக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரித்து, புழுக்கள் சுருட்டை ஊசித்துளைகளாகத் துளைத்துவிடும். ஒரு பெட்டியிற் பிறந்த புழு களஞ்சியம் முழுவதையும் அழிக்க வல்லது. இதனைத் தடுக்கவே ஏற்றுமதிக்கு முன்னர் சுருட்டுக்களை ஆழ்ந்த குளிரிலே உறையவைக்கும் முறை இந்நூற்றாண்டில் மேற்கொள்ளப்பட்டது.

பேழை செய்யும் மரத்துக்கும் ஒரு கதை உண்டு. ‘ஸ்பானியத் தேவதாரு’ என அழைக்கப்படும் அம்மரம் ஸ்பெயின் நாட்டிற் பிறந்ததுமன்று, தேவதாருவுமன்று. அமெரிக்க வெப்ப நாடுகளுக்குரிய அது, மகோகனி மரத்தின் உறவு. நம் முற்றத்து வேம்பும் அதே குடும்பம். ஈரத்தை ஏற்றும் விட்டும் சமன்செய்யும் இயல்பும், பூச்சிகள் விரும்பாத நறுமணமும் உடைமையால் அது இப்பணிக்குத் தெரிந்தெடுக்கப்பட்டது.

சுருட்டைக் காத்தல் சிலருக்கு எத்துணைப் பெரிய காரியம் என்பதற்கு இரு கதைகள் வழங்குகின்றன. இலண்டனில் டன்ஹில் கடை வாடிக்கையாளரின் சுருட்டுக்களைத் தன் பாதுகாப்பறையிலே முதிரவைத்து வந்தது. 1941ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஜெர்மானியரின் குண்டு வீச்சில் அக்கடை தகர்ந்தது. அவ்விரவிலேயே கடை மேலாளர் பிரதமர் சேர்ச்சிலைத் தொலைபேசியில் அழைத்து, அவருடைய சுருட்டுக்களுக்குச் சேதமில்லை என்று அறிவித்தாராம். 1962ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கியூபா வணிகத்தைத் தடைசெய்யும் ஆணையில் ஒப்பமிடுமுன்னர், தம் பத்திரிகைச் செயலாளர் சலிஞ்சரை அனுப்பி ஆயிரத்துக்கு மேற்பட்ட ‘உப்மன்’ சுருட்டுக்களை வாங்கி வரச் செய்தார். இச்செய்தியைச் சலிஞ்சரே பின்னாளில் எழுதியுள்ளார்.

அவசரத்தின் விலை

காலத்தை மதியாத இடத்திலே சுருட்டு தன் புகழை இழந்த வரலாறும் உண்டு. 1979ஆம் ஆண்டளவில் நீலப் பூஞ்சண நோய் கியூபாவின் புகையிலைப் பயிரிற் பெரும்பகுதியை அழித்தது. இலையின்றித் தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தன. 1990ஆம் ஆண்டுகளின் இறுதியிலோ வந்தது வேறுவகைத் துன்பம். உலகச் சந்தையின் வேட்கையைக் கண்டு உற்பத்தி விரைந்து பெருக்கப்பட்டது. பயிற்சி நிரம்பாத கைகள் சுருட்டின. சுருட்டுக்கள் பல இறுகிப் புகை வராமல் அடைத்துக்கொண்டன. வாங்கியோர் முகஞ்சுளித்தனர். அதன் பின்னரே புகை இழுக்கும் அளவைச் சோதிக்கும் பொறிகள் தொழிற்சாலைகளில் அமைக்கப்பட்டன. அடைபட்ட சுருட்டை எத்தனை ஆண்டு வைத்தாலும் காலம் திருத்தாது.

2022ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ‘இயன்’ என்னும் சூறாவளி பினார் டெல் ரியோவைத் தாக்கி, இலை உலர்த்தும் குடில்களை ஆயிரக்கணக்கிற் சாய்த்துவிட்டது. சூறாவளி ஓரிரவிற் சாய்த்ததைக் கமக்காரர் பல பருவங்கள் உழைத்தே மீட்கவேண்டியதாயிற்று. இலைக்கு ஈராண்டு முதிர்ச்சி வேண்டுமெனில், ஓர் ஆண்டின் இழப்பு அவ்வாண்டோடு முடிவதில்லை என்பதை எளிதில் உணரலாம். அதே 2022ஆம் ஆண்டில் கொஹீபா போன்ற உயர்ந்த சுருட்டுக்களின் விலை உலகெங்கும் மிக உயர்த்தப்பட்டது. பழைய பெட்டிகள் இலண்டன் ஏலங்களிற் பெரும்பணம் பெறுகின்றன. விலை ஏறவே போலியும் பெருகிற்று. பெட்டியின் அடியிலே பொறிக்கப்படும் மாதம், ஆண்டு முத்திரையை நோக்கி அதன் வயதை அறிவது வழக்கம். அம்முத்திரையையும் போலியாக இடுவோர் இருத்தலால், பழமை என்ற பெயர் ஒன்றையே நம்பிப் பணம் கொடுத்தோர் ஏமாந்த கதைகள் பல.

முதுமைக்கும் ஓர் எல்லை

எல்லாச் சுருட்டும் வயதினால் உயர்வடைவதில்லை. உச்சியிலை மிகுந்த வீரியமான சுருட்டு நீண்ட காலத்தைத் தாங்கும். தாங்கித் தணிந்து இனிமை பெறும். மென்மையான சுருட்டோ சில ஆண்டுகளிலேயே தன் நிறைவை எய்திப் பின்னர் சுவையற்ற வெறும் புகையாகிவிடும். தடித்த சுருட்டு மெதுவாகவும் மெல்லிய சுருட்டு விரைவாகவும் முதிரும். இளமையின் காரத்தையே விரும்பி, முதிர்ந்ததைச் சாரமற்றதென்று ஒதுக்குவோரும் அனுபவசாலிகளிடையே உளர். பிறவியிலேயே குறையுள்ள சுருட்டு முதுமையடைந்தால் அது முதிய குறைச் சுருட்டாகும்; அவ்வளவே. உள்ளே இருக்கும் நன்மையை வெளிக்கொணரும் ஆற்றல் காலத்துக்கு உண்டு. இல்லாத நன்மையைப் படைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

இன்னுமொன்றை இளைஞர்கள் மறத்தலாகாது. காலம் கசப்பைத் தணிக்கும், நஞ்சைப் போக்காது. இருபதாண்டு முதிர்ந்த சுருட்டின் புகையிலும் நிக்கொட்டின் உண்டு. வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களும் உண்டு. நொதிப்பாலும் முதிர்ச்சியாலும் புகை மென்மையாகத் தோன்றுவது நாவின் அனுபவமேயன்றி உடலுக்கு அளிக்கும் பாதுகாப்பு அன்று. சுருட்டும் கையுமாகவே உலகம் அறிந்த பிடல் காஸ்ட்ரோ, 1985ஆம் ஆண்டிலே தம் மக்களின் உடல்நலத்தை முன்னிட்டுப் புகைத்தலைக் கைவிட்டார். தம் பொருட்டு 1966 முதல் தனியாகச் சுருட்டப்பட்ட கொஹீபாவையும் அவர் அதன்பின் தொடவில்லை. உலகின் மிகச் சிறந்த சுருட்டு என்று பலர் போற்றியதைத் தம் கையெட்டும் தூரத்தில் வைத்திருந்தவரின் செயல் இது.

ஆகவே ஹவானாச் சுருட்டைப் புகைத்துத்தான் அதன் பெருமையை அறியவேண்டும் என்பதில்லை. ஓர் இலை, செடியிலிருந்து ஒடிக்கப்பட்ட நாள் முதல் பேழையில் முதிரும் நாள் வரை எத்தனை கைகளைக் கடக்கிறது என்று எண்ணிப் பார்த்தாலே போதும். அக்கைகளுள் ஒன்று அவசரப்பட்டாலும் பின்வரும் இருபதாண்டுக் காத்திருப்பும் வீணாகும். நல்ல விதை, நல்ல மண், பொறுமையுள்ள கை ஆகிய மூன்றும் கூடிய பின்னரே காலம் தன் வேலையைத் தொடங்குகிறது.